மைக் பெண்ணிடம், மிக்சர் யாரிடம்?

யாழ்ப்பாணத்தில் ஏதாவது ஒரு கோயில் திருவிழாவின் இரவு இசை நிகழ்ச்சியைப் போய்ப் பாருங்கள். மேடையின் முன்னால் பட்டுச் சேலை கட்டிய ஒரு பிள்ளை நின்று சினிமாப் பாட்டுப் பாடுவாள். சுருதி பிசகாது. பின்னால் கீபோர்ட், பேஸ் கிற்றார், ஒக்டோபாட், தபேலா. எல்லாவற்றிலும் ஆண்கள். மேடைக்குக் கீழே, சனத்துக்கு நடுவில் மேசை போட்டு, ஒலிகளைக் கலந்து கூட்டிக் குறைக்கிற மிக்சருக்கு முன்னால் இருக்கிற சவுண்ட்ஸ்காரரும் ஆண்தான். பாட்டு நடக்க நடக்க அவர் பிள்ளையின் குரலுக்கு எக்கோவைக் கூட்டுவார், குறைப்பார். "தங்கச்சி, மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடியுங்கோ" என்று ஒரு சொல் வரும். எக்கோ வேண்டுமா என்று அவளிடம் ஒருவரும் கேட்கமாட்டார்கள். அவளும் அதைக் கேட்கிற விஷயமாக நினைத்திருக்கமாட்டாள்.

எங்கள் ஊரில் பெண் குரலுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. தேவாரத்துக்கு, பரிசளிப்பு விழாவுக்கு, மாலை போட்டு வரவேற்கிற எந்த நிகழ்ச்சிக்கும் முதலில் தேடுவது பாடத் தெரிந்த ஒரு பெண் பிள்ளையைத்தான். பஞ்சம் வேறோர் இடத்தில் இருக்கிறது. அந்தக் குரலுக்குப் பின்னால் என்ன ஒலிக்க வேண்டும், எவ்வளவு உரக்க ஒலிக்க வேண்டும், எங்கே நிற்பாட்ட வேண்டும் என்று முடிவெடுக்கிற கை யாருடையது?

மேற்கின் மாற்று இசையில், அதாவது 'ஆல்டர்னேட்டிவ்' இசையில், இயங்கிய பெண்களை நான் விரும்பிக் கேட்பது இந்தக் கேள்வியால்தான். அவர்களைப் பற்றிப் பொதுவாக எழுதுகிறவர்கள் "துணிச்சலான பெண்கள்", "கோபக்காரப் பெண்கள்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அது குணத்தைப் பற்றிய குறிப்பு, இசையைப் பற்றியது அல்ல. கோபமாகப் பாடுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. அந்தக் கோபம் எந்தக் கிற்றாரில், எந்த ஒலியில் வெளிவர வேண்டும் என்று தாங்களே தீர்மானித்ததுதான் அவர்கள் செய்த வேலை.

பின்னணியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1970களின் நடுவில் பங்க் இசை வந்தது. கிற்றாரில் மூன்று கோர்ட் (சேர்ந்து ஒலிக்கிற சுரங்களின் கூட்டு) தெரிந்தால் போதும், மேடை ஏறலாம் என்று அது ஆக்கிவிட்டது. அதற்குப் பின் வந்தவர்கள் பெரிய கம்பனிகளின் வாசலில் காத்து நிற்காமல் சின்னச் சின்ன லேபல்களில் இசைத்தட்டுப் போட்டார்கள். அமெரிக்காவில் பல்கலைக்கழக மாணவர்கள் நடத்திய வானொலிகள் அவற்றை ஒலிபரப்பின. 1980கள் முடிவதற்குள் அது கணக்கில் எடுக்க வேண்டிய சந்தையாகிவிட்டது. 1988 செப்டெம்பரில் 'பில்போர்ட்' சஞ்சிகை இந்த வகைக்கென்று தனித் தரவரிசைப் பட்டியல் தொடங்கியபோது முதல் வாரம் முதலிடத்தில் இருந்தது சூசி என்ற பெண் பாடும் 'சூசி அண்ட் த பான்ஷீஸ்' குழுவின் பாட்டு. 1991இல் கிராமி விருதில் முதன்முறையாக 'ஆல்டர்னேட்டிவ்' பிரிவு சேர்க்கப்பட்டது. அதை வென்றவர் அயர்லாந்தின் ஷினேட் ஓகொனர். காசுக்கும் விற்பனைக்கும் கொடுக்கிற மரியாதை இது என்று சொல்லி அவர் விருதை ஏற்க மறுத்துவிட்டார்.

ஆக, பட்டியலின் முதல் பாட்டும் பெண்ணுடையது, முதல் விருதும் பெண்ணுடையது. ஆனாலும் கதை சொல்லும்போது 1991 செப்டெம்பரில் சியாற்றில் நகரத்து ஆண்கள் மூன்று பேர் கிற்றாரோடு வந்து உலகத்தை மாற்றினார்கள் என்றுதான் தொடங்குவார்கள். எனக்கும் நிர்வாணா குழுவைப் பிடிக்கும், அது வேறு கதை.

அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணம் எப்படி இருந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1990 நடுப்பகுதியில் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் ரேடியோவும் கசெற்றும் கேட்டது அந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த கதை. சுற்றுகிறவன் களைத்தால் பாட்டு இழுபடும், ஆண் குரலும் பெண் குரலும் ஒன்றாகிவிடும். மின்சாரக் கிற்றாரும் அம்பிளிஃபையரும் உலகத்தையே உலுக்கிய ஐந்து ஆண்டுகளில் எங்களிடம் ஒரு மின்குமிழை எரிய வைக்கக்கூட வழி இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் றொக் இசை ஏன் வேர்விடவில்லை என்று கேட்கிறவர்கள் பண்பாடு, ஆசாரம் என்று பெரிய காரணங்களைத் தேடிப் போவதற்கு முன் பிளக் பொயின்றைப் பார்த்தால் நல்லது.

2002இல் சமாதானம் வந்து ஏ9 பாதை திறந்த பிறகுதான் இந்த இசை இங்கே வந்தது, அதுவும் தலைகால் தெரியாமல். கொழும்பில் எரித்த எம்பி3 சீடிகள், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சான்மார் விட்டுப்போன ஐபொட், பிறகு இன்ரநெற் கடை, அதற்கும் பிறகு கைபேசி. 1967இன் பாட்டும் 2005இன் பாட்டும் ஒரே சீடியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இதில் ஒரு லாபமும் இருந்தது. எது பெரிது, எது சிறிது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. காதுக்குப் பட்டதை வைத்துக்கொண்டோம்.

என் காதுக்கு முதலில் பட்டது ஒரு பேஸ் கிற்றார். 1986இல் பொஸ்டன் நகரத்தில் 'பிக்சீஸ்' என்ற புதுக் குழு பேஸ் வாசிக்க ஆள் தேடிப் பத்திரிகையில் விளம்பரம் போட்டது. அதைப் பார்த்து வந்தது கிம் டீல் ஒருவர் மட்டும்தான். அவருக்குக் கிற்றார் தெரியும், பேஸ் வாசித்துப் பழக்கமில்லை. இரட்டைச் சகோதரி கெலியின் பேஸை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். குழுவின் முதல் இசைத்தட்டுகளில் அவருடைய பெயர் 'திருமதி ஜோன் மர்பி' என்று அச்சாகியிருக்கும். அது கணவரின் பெயர். வேண்டுமென்று செய்த பகிடி. எங்கள் கலியாணக் கார்ட்டுகளில் பெற்ற தாயின் பெயர் 'திரு, திருமதி இன்னார்' என்று தகப்பனின் பெயருக்குள் மறைந்து போவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தப் பகிடியை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பிக்சீஸில் அவருடைய பாட்டுகளுக்கு இடம் குறைந்துகொண்டே போனது. அவர் 'த பிரீடர்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார். 1993இல் அந்தக் குழு வெளியிட்ட 'கனன்போல்' பாட்டின் முதல் அரை நிமிடத்தை இயர்போன் மாட்டிக் கேட்டுப் பாருங்கள். மைக் சோதிக்கிறது போலக் கரகரத்த ஒரு குரல். குச்சி தட்டும் சத்தம். பிறகு ஜோசபின் விக்ஸ் என்ற பெண்ணின் பேஸ் தனியாக வருகிறது. அது பிழையான சுரத்தில் தொடங்குகிறது. கிற்றார் உள்ளே வந்ததும் பேஸ் சட்டென்று சரியான இடத்துக்கு ஏறிக்கொள்கிறது. வாசிக்கும்போது தற்செயலாக நேர்ந்த பிழை அது. கேட்க நன்றாக இருந்ததால் அப்படியே வைத்துக்கொண்டார்கள். அந்தப் பிழை இல்லாவிட்டால் கிற்றார் வந்து சேருகிற நேரத்தில் கிடைக்கிற அந்தத் தூக்கல் கிடைக்காது. பாட்டின் வீடியோவை இயக்கியவர்களில் ஒருவர் 'சொனிக் யூத்' குழுவில் பேஸ் வாசித்த கிம் கோர்டன். ஒரு பாட்டைச் சுற்றி இத்தனை பெண்கள், அதில் ஒருவர்கூட வெறுமனே பாடுவதற்காக மட்டும் அங்கே நிற்கவில்லை.

வட இலங்கை சங்கீத சபையின் சோதினைக்குப் போன பிள்ளைகளுக்கு இந்த அரை நிமிடம் நிச்சயம் அதிர்ச்சியாக இருக்கும். அங்கே சுரம் பிசகினால் புள்ளி போகும். நான் அந்தச் சோதினையைக் குறைசொல்ல வரவில்லை. வீணை, வயலின், வாய்ப்பாட்டு என்று தரம் தரமாக ஏறி ஆசிரியர் தரம் வரைக்கும் போன பெண்களின் காது மிகவும் கூர்மையானது. மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் படித்து வெளியே வந்தவர்களோடு ஒரு பாட்டைப் பற்றிப் பேசினால் அது தெரியும். ஆனால் அந்தக் காது, தந்ததைப் பிசகாமல் திருப்பித் தரப் பழக்கப்பட்ட காது. ஒரு பிழையைக் கேட்டு "இது இருக்கட்டும்" என்று சொல்ல வேறொரு பழக்கம் வேண்டும். அந்த உரிமை எங்கள் பிள்ளைகளுக்கு ஒருபோதும் கொடுக்கப்பட்டதில்லை. அரங்கேற்றம் முடிந்ததும் பலருக்கு வீணையே பரணுக்குப் போய்விடுகிறது.

தாளத்திலும் இதே கதைதான். 'வெல்வெட் அண்டர்கிரவுண்ட்' குழுவில் 1965இன் கடைசியில் வந்து சேர்ந்த மொரீன் டக்கர், பெரிய ட்ரம்மைச் சரித்துப் படுக்கப்போட்டு, நின்றுகொண்டே அடித்தார். தலைப்பில் பஞ்சு வைத்த கோல்களால் அடித்தார். பளபளவென்று சத்தம் போடும் தட்டுகளை அவர் அதிகம் தொடவே இல்லை. தெட்சணாமூர்த்தியின் தவில் கேட்டு வளர்ந்த ஊர்க்காரருக்கு இது முதலில் சின்னப்பிள்ளை வேலையாகத்தான் தோன்றும். தவிலின் பெருமை கணக்கில் இருக்கிறது. டக்கர் கணக்கை எல்லாம் விட்டுவிட்டு ஒரே அடியை விடாமல் அடித்துக்கொண்டிருப்பார். மற்றவர்கள் மேலே என்ன கூத்துப் போட்டாலும் பாட்டு விழாமல் நிற்பது அந்த அடியால்தான். தவில்காரர்கள் யாராவது இதைக் கேட்டுவிட்டு என்ன சொல்வார்கள் என்று அறிய எனக்கு ஆசை.

சரி, பெண்கள் செய்தார்கள். செய்தது அவர்கள்தான் என்று யாராவது ஒத்துக்கொண்டார்களா? ஐஸ்லாந்தின் பியோர்க் 2015இல் ஒரு நேர்காணலில் இதைப் புட்டுப்புட்டு வைத்தார். 2001இல் வந்த 'வெஸ்பர்டைன்' இசைத்தொகுப்பில் தாள ஒலிகளில் எண்பது வீதத்தைத் தான் மூன்று வருடம் இருந்து, பூத்தையல் போடுவது போலக் கோத்ததாகவும், கடைசி இரண்டு வாரத்தில் வந்து கொஞ்சம் சேர்த்த இரண்டு ஆண்களின் பெயரில்தான் முழுத்தொகுப்பும் எழுதப்பட்டதாகவும் சொன்னார். ஓர் ஆண் ஒருமுறை சொன்னால் போதுமானதை ஒரு பெண் ஐந்து முறை சொல்ல வேண்டியிருக்கிறது என்பதும் அவருடைய கணக்கு. குரல் மட்டும் பெண்ணுடையது, மற்றதெல்லாம் எவரோ ஓர் ஆண் செய்து கொடுத்திருப்பார் என்று கேட்கிறவரின் மனம் தானாகவே நினைத்துக்கொள்கிறது. எங்கள் திருவிழா மேடையில் அது உண்மையாகவே அப்படி இருப்பதால், நாங்கள் இன்னும் இலகுவாக நம்பிவிடுகிறோம்.

இந்த அநியாயம் மிக மோசமாக நடந்தது எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்திக்கு. மாதங்கி அருள்பிரகாசம், உலகத்துக்கு எம்.ஐ.ஏ., 1975 ஜூலையில் லண்டனில் பிறந்து ஆறு மாதக் குழந்தையாக இலங்கைக்கு வந்தவர். யாழ்ப்பாணத்தில் திருக்குடும்பக் கன்னியர் மடத்தில் படித்தார். இடையில் சென்னையிலும் வாழ்ந்தார். 1986இல் தாயோடும் சகோதரங்களோடும் அகதியாக லண்டனுக்குத் திரும்பியபோது பதினொரு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கே சென். மார்ட்டின்ஸ் கல்லூரியில் படித்தது இசை இல்லை, கலையும் திரைப்படமும். 'எலாஸ்ரிக்கா' என்ற குழுவை நடத்திய ஜஸ்ரின் ஃபிரிஷ்மன் அவருக்குச் சிநேகிதி. அந்தக் குழுவின் சுற்றுப்பயணத்தை வீடியோ எடுக்கப் போன இடத்தில், முன்நிகழ்ச்சி செய்துகொண்டிருந்த பீச்சஸ் என்ற கனேடியப் பெண் ரோலண்ட் எம்சி-505 என்ற தாளப்பெட்டியை அவருக்கு அறிமுகப்படுத்தினார். இதைக் கவனியுங்கள்: பேஸும் ட்ரம்ஸும் தேவையில்லை, நாலு பேர் கொண்ட குழு தேவையில்லை, மேசையில் வைக்கிற ஒரு பெட்டி. ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குக் காட்டிக் கொடுத்த பெட்டி.

அதை வைத்து அவர் எழுதிய 'கலாங்' 2003இல் வெறும் 500 இசைத்தட்டுகளாக வெளிவந்தது. 2005இல் தகப்பனின் இயக்கப் பெயரில் 'அருளர்', 2007இல் தாயின் பெயரில் 'கலா'. இரண்டாவதுதான் என்னுடைய தெரிவு. அமெரிக்க விசா கிடைக்காமல் இழுபட்டதால் அவர் இந்தியா, ட்ரினிடாட், ஜமைக்கா, லைபீரியா என்று அலைந்து அதை ஒலிப்பதிவு செய்தார். 'பேர்ட் ஃப்ளூ' என்ற பாட்டில் தமிழ்நாட்டு உறுமி மேளம் இருக்கிறது. உறுமி என்றால் எங்கள் காதுக்குக் கோயில், சாமியாட்டம். அந்தப் பாட்டில் கோழி கூவுகிறது, பிள்ளைகள் கத்துகிறார்கள், உறுமி அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு தொழிற்சாலை இயந்திரத்தின் வேகத்தில் ஓடுகிறது. லண்டனில் அதைக் கேட்டவர்கள் புதுசு என்று திகைத்தார்கள். நாங்கள் இங்கே வேறு காரணத்துக்குத் திகைத்தோம்: இந்தச் சத்தத்தை இவ்வளவு உரக்க வைக்கலாமா?

'பேப்பர் பிளேன்ஸ்' 2008இல் அமெரிக்கத் தரவரிசையில் நாலாம் இடம் வரைக்கும் போனது. 'த கிளாஷ்' குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றின் கிற்றாரை எடுத்து, அதன் மேல் துப்பாக்கிச் சத்தத்தையும் காசுப்பெட்டி திறக்கும் சத்தத்தையும் வைத்துக் கட்டிய பாட்டு. அந்தத் தொகுப்பு வந்த வருடமே, தன்னுடைய இசையை எல்லாம் டிப்லோ என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர் செய்ததாக எழுதுகிறார்களே என்று அவர் ஒரு நேர்காணலில் வெடித்தார். டிப்லோவுக்கும் ஸ்விச் என்ற இன்னொரு தயாரிப்பாளருக்கும் சில பாட்டுகளில் பங்கு இருந்தது உண்மை, இசைத்தட்டு உறையிலேயே அது இருக்கிறது. உறையை வாசிக்காமலே கட்டுரை எழுதியவர்களைப் பற்றித்தான் அவருக்குக் கோபம். 2009 பெப்ரவரியில் நிறைமாத வயிற்றோடு கிராமி மேடையில் ஆடினார். அதே நாள்களில் வன்னியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று இந்தக் கட்டுரை வாசிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதைப் பற்றி அமெரிக்கத் தொலைக்காட்சியில் பேசியவர்களில் அவரும் ஒருவர். அவருடைய அரசியல் பேச்சில் எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் உண்டு. அவருடைய காதில் ஒரு குறையும் இல்லை.

போரைப் பாடுவது என்று வரும்போது ஒப்பாரியைத் தொடாமல் போக முடியாது. எங்கள் செத்தவீடுகளில் கிழவிகள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு வைத்த ஒப்பாரி இப்போது அருகிவிட்டது. ஆனால் அதைக் கேட்டவர்களுக்கு அந்தக் குரல் மறக்காது. மேலே ஏறி, ஏற முடியாத இடத்தில் உடைந்து, உடைந்த இடத்திலிருந்தே அடுத்த வரி தொடங்கும். பாட்டு வகுப்பில் குரல் உடைந்தால் பிழை. செத்தவீட்டில் உடையாவிட்டால்தான் பிழை. பெண்ணுக்குக் குரலை உடைக்க அனுமதித்த ஒரே மேடை அதுதான், அதுவும் பிணத்துக்கு முன்னால்.

அயர்லாந்திலும் பெண்கள் செத்தவீட்டில் கூடி அழுது பாடுகிற வழக்கம் இருந்தது. திருச்சபை அதை விரும்பவில்லை. 'கிரான்பெரிஸ்' குழுவின் டொலரஸ் ஓரியோடன் பாடுகிறபோது குரல் திடீரென்று மேலே எகிறி உடைவதில் அந்த வழக்கத்தின் மிச்சத்தை நான் கேட்கிறேன். 1994இல் வந்த 'சொம்பி' கொழும்பிலிருந்து ரொறன்ரோ வரைக்கும் எல்லா இளைஞர் குழுக்களும் பாடிப் பாடித் தேய்த்துவிட்ட பாட்டு. அதன் பின்னணி பலருக்குத் தெரியாது. 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் வாரிங்டன் நகரில் ஐ.ஆர்.ஏ. என்ற அயர்லாந்து ஆயுத இயக்கம் வைத்த குண்டில் மூன்று வயதிலும் பன்னிரண்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள் செத்தார்கள். எங்கள் பெயரால் இதைச் செய்யாதே என்று தன் இனத்தின் ஆயுதக்காரரைப் பார்த்து ஓர் அயர்லாந்துப் பெண் பாடிய பாட்டு அது. குழுவின் மற்றப் பாட்டுகள் பலவும் இரண்டு பேர் சேர்ந்து எழுதியவை, இதை டொலரஸ் தனியாக எழுதினார். மின்சாரக் கிற்றாரின் கரகரப்பைத் தானே கூட்டி, ட்ரம்ஸ்காரரைப் பலமாக அடிக்கச் சொன்னதும் அவர்தான். அதுவரை மெல்லிய பாட்டுகளுக்குப் பெயரெடுத்த குழு. இந்தப் பாட்டுக்கு அந்த மென்மை பொருந்தாது என்று முடிவெடுத்தது பாடகிதான். யாழ்ப்பாணத்தில் இருந்து கேட்கிறவருக்கு 1995 செப்டெம்பரில் நாகர்கோவில் பள்ளிக்கூடத்தில் விழுந்த குண்டு நினைவுக்கு வரும். இரண்டு பக்க ஆயுதங்களும் நினைவுக்கு வரும். அந்தப் பாட்டை இங்கே எவரும் நிம்மதியாக ஒரு பக்கத்துக்குச் சொந்தமாக்க முடியாது.

பிஜே ஹார்வி அந்த வழியில் இன்னும் தூரம் போனவர். இங்கிலாந்தின் டோர்செற் கிராமப்புறத்துக்காரர். 2011இல் வந்த 'லெற் இங்கிலண்ட் ஷேக்' முழுவதும் போரைப் பற்றியது, பெரும்பகுதி முதலாம் உலகப்போர். அதை ஒரு தேவாலயத்துக்குள் வைத்து ஐந்து வாரத்தில் ஒலிப்பதிவு செய்தார். முன்பெல்லாம் அடித்தொண்டையில் பாடியவர், இதில் சன்னமான, உயர்ந்த குரலுக்கு மாறினார். கிற்றாருக்குப் பதிலாக ஓட்டோஹார்ப் என்ற கம்பி வாத்தியத்தைப் பல பாட்டுகளுக்கு எடுத்தார். மரக்கிளைகளில் மனித அவயவங்கள் தொங்குவதை ஒரு பிள்ளைப் பாட்டின் துள்ளலில் பாடுகிறார். கேட்கிறபோது கால் தாளம் போடும், பிறகுதான் எதற்குத் தாளம் போடுகிறோம் என்று தெரியும். அந்தப் பாட்டின் கடைசியில் ஒரு வரி வருகிறது: என் பிரச்சினையை ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொண்டுபோனால் என்ன? அது அவருடைய வரி இல்லை. 1958இல் எடி கொக்ரன் பாடிய ஒரு துள்ளல் பாட்டில், கோடை விடுமுறையைக் கொண்டாட முடியாத ஓர் இளைஞன் பகிடியாகச் சொல்கிற வரி. ஹார்வி அதைத் தூக்கி, கேள்வியாக்கி, ஒரு போர்வீரனின் வாயில் வைத்தார். திரும்பத் திரும்ப வைத்தார்.

அந்தத் தொகுப்பு வந்தது 2011 பெப்ரவரியில். இலங்கைப் போரின் கடைசி மாதங்களைப் பற்றி ஐநா நிபுணர் குழுவின் அறிக்கை வந்தது அதே வருடம் ஏப்ரலில். 2012 மார்ச்சிலிருந்து ஜெனீவா, தீர்மானம், கால அவகாசம் என்று எங்கள் பத்திரிகைகளின் முதல் பக்கம் நிரம்பத் தொடங்கியது. அந்த வரியை நான் கேட்டது இவற்றுக்கெல்லாம் பிறகு. லண்டன்காரருக்கு அது கசப்பான பகிடி. இங்கே அது செய்தி. காணாமல்போன பிள்ளைகளின் படத்தோடு வீதியோரம் இருந்த தாய்மாரை ஒவ்வொரு நாளும் கடந்து போகிற ஊரில் அந்த வரிக்கு யார் சிரிப்பார்கள்? பாட்டு எழுதியவர் நினைத்துப் பார்த்திராத ஓர் இடத்தில் போய் அது வேறொரு பாட்டாகிவிட்டது. பிரித்தானியாவின் மெர்க்குரி விருதை இரண்டு முறை வென்ற ஒரே கலைஞர் அவர், 2001இலும் 2011இலும். இரண்டாவது இந்தத் தொகுப்புக்கு.

அப்படியானால் எங்கள் பெண்கள் இதையெல்லாம் எங்கே செய்தார்கள்? பாட்டில் இல்லை. 1970களின் இலங்கைத் தமிழ்ப் பொப்பிசையில் பெண் பெரும்பாலும் பாட்டின் பொருளாகத்தான் இருந்தாள். உரும்பிராயின் நித்தி கனகரத்தினம் பாடிய, எல்லாருக்கும் பாடமான 'சின்ன மாமியே' பாட்டையே எடுங்கள். மாமியிடம் மகள் எங்கே என்று கேட்பதுதான் பாட்டு. கேள்வி கேட்கிறவன் ஆண், கேள்வி மாமிக்கு, மகள் கடைசிவரை வாய் திறப்பதில்லை. அருமையான பாட்டு, அதில் சந்தேகமில்லை. பிறகு வந்த இயக்கப் பாட்டுகளில் பெண் குரல்கள் நிறைய ஒலித்தன. எழுதியதும் மெட்டுப் போட்டதும் பெரும்பாலும் ஆண்கள்.

ஆனால் கவிதையில் நடந்தது. 1986இல் பெண்கள் ஆய்வு வட்டம் 'சொல்லாத சேதிகள்' தொகுப்பை யாழ்ப்பாணத்தில் வெளியிட்டது. சித்திரலேகா மௌனகுரு தொகுத்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்த சிவரமணியும் செல்வியும் எழுதிய கவிதைகளில் அழகான சொல் எதுவும் இருக்காது. இசைவான ஓசையும் இருக்காது. வேண்டுமென்றே தட்டையாக, முகத்துக்கு நேரே பேசுகிற வரிகள். கிம் கோர்டன் மேடையில் பாட்டைப் பாடாமல் பேசுவதைக் கேட்கிறபோது எனக்கு அந்தக் கவிதைகளின் தொனி கேட்கிறது. ஒருவரை ஒருவர் அறியாத, ஒரே பத்தாண்டில் வாழ்ந்த பெண்கள். இங்கே அது பாட்டாகாமல் கவிதையாக நின்றதற்குக் காரணத்தை நான் முன்பே சொன்ன இடத்தில்தான் தேடுவேன். கவிதைக்கு ஒரு கொப்பியும் குப்பி விளக்கும் போதும்.

இப்போது அந்தச் சாட்டு இல்லை. மின்சாரம் இருக்கிறது. எம்சி-505 செய்த வேலையைவிடப் பல மடங்கு வேலையை ஒரு சாதாரணக் கைபேசி செய்யும். புலம்பெயர்ந்த இடங்களில் அறுவடை தொடங்கிவிட்டது. சுவிற்சர்லாந்தில் ஈழத்தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பிரியா ரகு 2021இல் ஒரு தொகுப்பும் 2023இல் 'சந்தோசம்' என்ற இசைத்தொகுப்பும் வெளியிட்டார். தயாரிப்பு அவருடைய அண்ணன், 'ஜப்னா கோல்ட்' என்ற பெயரில். என்னுடைய கேள்வியை இங்கேயும் போடலாம்: மிக்சர் மறுபடி அண்ணனிடமா? சென்னையில் 'த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் இசைவாணி, ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவைப் பாடி 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். நியூயோர்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த கானவ்யா, கர்நாடக சங்கீதத்தையும் ஜாஸையும் தன்னுடைய வேகத்துக்கு இழுத்துப்போகிறார். தமிழில் கேட்க விரும்புகிறவர்கள் அவரிடமிருந்து தொடங்கலாம். சங்கீதம் படித்த காதுக்கு அவர்தான் மிகக் கிட்ட.

யாழ்ப்பாணத்துக்குள் இன்னும் ஒரு தடை மிச்சமிருக்கிறது. அது சத்தம். ட்ரம்ஸ் பழக ஓர் அறை வேண்டும். ஒழுங்கைக்குள் வீட்டோடு வீடு ஒட்டிய இடத்தில் பெடியன் ஒருவன் அடித்தால் "உவனுக்கு வேலையில்லை" என்று அயல் திட்டிவிட்டு விட்டுவிடும். பெட்டை அடித்தால் தாய் தகப்பனைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். அதனால்தான் கைபேசியும் இயர்போனும் இங்கே பெரிய கருவிகள் என்கிறேன். அயலுக்குக் கேட்காமல் ஒரு பாட்டை முழுவதும் கட்டி முடிக்கலாம். ரியூசன் முடிந்து வந்து, இரவு பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில் செய்யலாம். குரலுக்கு எக்கோ வேண்டுமா என்று ஒருவரையும் கேட்கத் தேவையில்லை.

கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு என்னுடைய ஒழுங்கு இது. முதலில் 'கனன்போல்', பேஸுக்காக. அடுத்து 'பேர்ட் ஃப்ளூ', உறுமி தெரிந்த காதோடு. பிறகு 'லெற் இங்கிலண்ட் ஷேக்' தொகுப்பை முதல் பாட்டிலிருந்து கடைசிவரை, வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பியோர்க்கைப் பழக நாள் எடுக்கும், அவசரப்பட வேண்டாம். ஹார்வியின் 1993ஆம் ஆண்டுத் தொகுப்பான 'ரிட் ஒஃப் மீ'யைக் கடைசியாக வையுங்கள். அதன் தலைப்புப் பாட்டு காதுக்கு எட்டாத அளவு மெதுவாகத் தொடங்கும். கைபேசி பழுதோ என்று சத்தத்தை முழுவதும் கூட்டிவிடுவீர்கள். கூட்ட வேண்டாம். பாதியில் ட்ரம்ஸும் கிற்றாரும் ஒன்றாக விழும்போது, ஸ்பீக்கரில் போட்டிருந்தால் அம்மாவோடு சேர்ந்து ஒழுங்கையில் உள்ள நாயெல்லாம் எழும்பிவிடும்.